எட்டாவது நிலா இரண்டாம் பாகத்துக்காகப் பேசியவள்

2

முதலாம் பகுதியைத் தேட வேண்டாம். அச்சகக்காரர் விழுங்கவில்லை. நான்தான் எடுத்துக் கடைசியில் வைத்திருக்கிறேன். காரணத்தை இப்போதே சொன்னால் கதை சப்பென்று போய்விடும், ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வாக்குமூலம். இது கதையாகப் பிறக்கவில்லை. ‘எட்டாவது நிலா – 2’ என்ற விஞ்ஞானப் படத்துக்கு ஆதரவாக ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஊரே திட்டித் தீர்த்த படம் அது. பிடித்தது என்று சொல்லக்கூடிய எல்லோரையும் ஒரே ஓட்டோவில் ஏற்றிவிடலாம். சாரதிக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நானும் இருப்பேன். கட்டுரையின் முதல் வரி இப்படி இருந்தது:

“ஒரு தொடர்படத்தின் கடமை முதற்படத்தைத் திருப்பிச் சொல்வதல்ல, மாறாக, அது—”

‘மாறாக’ என்ற சொல்லைக் கண்டதும் எனக்கே கொட்டாவி வந்தது. பேனாவை மூடிவிட்டு நுரைச்சோலைச் சந்திக்குத் தேநீர் குடிக்கப் போனேன். போன இடத்தில் அதே படத்துக்காக என்னைவிட நாலு மடங்கு உரத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியைக் கண்டேன். கட்டுரை அன்றோடு சரி.

(ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். படத்தின் பெயரும் நான் வைத்ததுதான். இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.)

3

படம் பார்க்காதவர்களுக்காக இந்தப் பகுதி. பார்த்தவர்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போகலாம்.

முதற் பாகத்தில் எட்டாவது நிலாவுக்கு ஐஸ் ஏற்றிப்போகும் ஒரு விண்கப்பல். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். பல்லும் நகமுமாக ஒரு விலங்கு உள்ளே புகுந்துகொள்கிறது. அடிபாடு, வெடி, ஓட்டம். கடைசியில் விலங்கு தொலைகிறது, ஏழு பேரும் தப்புகிறார்கள். எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும்தான்.

இரண்டாம் பாகத்தின் சீடி அட்டையில் இரண்டு விலங்குகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். படத்தில் ஒன்றுகூட வராது. வெறும் கப்பல். கதவு திறக்கிறது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். ஐஸ் ஏற்றுகிறார்கள். சமையல்காரருக்குப் பிறந்த நாள் வருகிறது, எல்லோரும் ஒரே மேசையில் கூடிச் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், மறுபடி சாப்பிடுகிறார்கள். அங்கே இடைவேளை. அதன் பிறகு ஒவ்வொருவராக இறங்கிப்போகிறார்கள். ஒருத்தி கலியாணம் கட்டிக்கொண்டு போகிறாள். ஒருவன் வேறு வேலை கிடைத்துப் போகிறான். சமையல்காரர் காய்ச்சல் கண்டு இறந்துபோகிறார். கடைசியில் கப்பல் தலைவி தனியே நின்று கதவைச் சாத்துகிறாள். படம் முடிந்தது.

விலங்கைப் பார்க்க வந்த சனம் கொதிக்காமல் என்ன செய்யும்?

(ஒரு சின்னக் குறிப்பு, இது பிறகு தேவைப்படும். அந்த நாட்களில் ஒரு படம் இரண்டு சீடியில் வரும். இடைவேளைக்கு முந்தியது ஒன்றில், பிந்தியது மற்றதில்.)

4

இனிக் கதை. எங்கிருந்து தொடங்குவது?

முதல் வரைவு: ‘கடல் அன்று அமைதியாக இருந்தது.’ அழித்துவிட்டேன். எங்கள் கரையோரத்துக் கதை என்றால் உடனே கடலைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திவிடுகிறோம். அதற்கும் தன்பாட்டில் வேலை இருக்கிறது.

இரண்டாம் வரைவு: ‘யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்த நிலையில், புத்தளம் மாவட்டத்தின்—’ செய்தி வாசிக்கிறமாதிரி இருக்கிறது.

மூன்றாம் வரைவு: ‘றஸீனுக்கு அந்தப் படத்தின் மேல் தீராத ஆத்திரம்.’

இது நிற்கட்டும்.

றஸீனுக்கு அந்தப் படத்தின் மேல் தீராத ஆத்திரம். நுரைச்சோலைச் சந்தியில் ‘ஸும்ரா வீடியோ’ என்று மகளின் பெயரில் சீடிக் கடை வைத்திருப்பவன் அவன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம். வந்தபோது அவனுக்குப் பத்து வயது. இப்போது அங்கே திரும்பிப் போன சொந்தக்காரர்கள், “சண்டைதான் முடிஞ்சிட்டே, திரும்பி வாறல்லையா?” என்று கேட்டால், “கடை இங்க இருக்கே” என்பான். அந்தக் கடைக்கு வந்த ஒரே கெட்ட பெயர் ‘எட்டாவது நிலா – 2’ ஆல் வந்தது. அட்டையை நம்பி, “ரெண்டு மிருகம் வருது, பயப்படாம பாருங்க” என்று சொல்லிச் சொல்லி விற்றான். வாங்கினவர்கள் மறுநாளே வரிசையாக வந்து நின்றார்கள். “எங்க உன்ட மிருகம்?” என்று கேட்டு ஒருவர் சீடியை மேசைக்குக் குறுக்கே எறிந்துவிட்டுப் போனார். கொஞ்சக் காலம் சந்தியில் றஸீனுக்கு ‘மிருகம்’ என்றே பெயர் இருந்தது.

சீடிகளை உறையில் போடுகிற வேலை அவனுடைய மனைவி ஹவ்வாவுடையது. மத்ரஸாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவள். செருப்புப் போடுவதானாலும் வாசற்படி ஏறுவதானாலும் வலது பக்கம்தான் முந்த வேண்டும் அவளுக்கு. இரண்டு பையுள்ள பிளாஸ்டிக் உறையில் முதல் சீடியை வலப்பக்கத்தில் போடுவாள், அடுத்ததை இடப்பக்கத்தில். கள்ளப் பிரதிகள்தானே, சீடியின் மேல் இலக்கமும் இராது, எழுத்தும் இராது. வாங்குகிறவர்கள் முழிக்கக்கூடாதென்று றஸீன் ஒவ்வொருவருக்கும் மறக்காமல் சொல்லிவிடுவான்: “வலப்பக்க உறையில இருக்கிறதுதான் முதல்.”

அவனுடைய கடைக்கு நேர் எதிரே அனஸ்தாசியாவின் சாப்பாட்டுக் கடை. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து விடியக்காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, அனல்மின் நிலையத்து வேலையாட்களுக்கு இடியப்பமும் பாணும் மீன்குழம்பும் விற்பவள். கணவன் மனுவேல் டெங்குக் காய்ச்சலில் போனபிறகு தொடங்கிய கடை. கைப்பக்குவம் பிரமாதம். ஒரேயொரு ஆபத்து, அங்கே ‘எட்டாவது நிலா – 2’ ஐப் பற்றி வாய் திறக்கக்கூடாது. திட்டினவனுக்கு மீன் துண்டு சின்னதாகிவிடும். ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாத சீனத்துப் பொறியியலாளர் ஒருவர், அனஸ்தாசியா அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பலமாகத் தலையாட்டுவார். அவருக்கு எப்போதும் நடுத்துண்டு.

5

(மனுவேலைப் பற்றிக் கொஞ்சம் நில்லுங்கள். கதைகளில் இறந்துபோன கணவனுக்கு ‘தங்கமான மனுசன்’ என்ற பட்டத்தைச் சும்மா கொடுத்துவிடுகிறோம். நான் கொடுப்பதாக இல்லை. மனுவேல் ஐஸ் லொறி ஓட்டினான். கதை அளப்பதில் மன்னன். வாடகைக்கு எடுத்த சீடியை மீன் வாடையோடு, அதுவும் பிந்தித்தான் திருப்பிக் கொடுப்பான். வீட்டில் படம் போடுகிற டெக்கை வேறு யாரும் தொட விடமாட்டான். “உனக்கு விளங்காது, தள்ளு” என்பான் மனைவியிடம். எட்டாவது நிலா முதற் பாகத்தை அவன் பார்த்த தடவைகளுக்குக் கணக்கில்லை. “விண்வெளியிலயும் ஐஸ் ஏத்துறாங்க பாத்தியா!” என்பான். இரண்டாம் பாகத்தையும் வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தான். பார்ப்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. இவ்வளவுதான் அவன். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது, அது வேறு விடயம்.)

6

அந்த வருடம் ஊரில் நல்லிணக்க விழா வைப்பதென்று ஒரு குழு கூடியது. பள்ளிவாசலிலிருந்தும் மாதா கோவிலிலிருந்தும் உடப்புக் கோயிலிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பாட்டு, நடனம், கடைசியில் ஒரு பட்டிமன்றம். நடுவர் பள்ளிக்கூடத்து முத்தலிபு சேர் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. தலைப்பில்தான் தடக்கியது.

அனல்மின் நிலையத்தால் நன்மையா தீமையா? ஒருவரின் மருமகனுக்கு அங்கே வேலை, வேண்டாம். நைலோன் வலையா, பழைய வலையா? அடிபாடு வரும், வேண்டாம். பெண்கள் வெளிநாடு போகலாமா? ஐயோ, வேண்டவே வேண்டாம். தேநீர் மூன்றாவது தடவை வந்தபோது முத்தலிபு சேர் களைத்துப்போய்ச் சொன்னார்: “ஒருத்தர்ட மனசும் புண்படாத தலைப்பு ஒண்டே ஒண்டுதான் இருக்கு. அந்த உதவாத படம்.”

எல்லோரும் சிரித்தார்கள். தலைப்பு முடிவாகியது: ‘எட்டாவது நிலா இரண்டாம் பாகம் பார்க்கத்தக்கதா, பழிக்கத்தக்கதா?’ பழிக்கிற அணிக்குத் தலைவன் றஸீன். அதற்கு அவனைவிடத் தகுதியானவன் யார்? பார்க்கத்தக்கது என்று பேச ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரே ஆள்தான்.

7

விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்னர் றஸீன் தேநீர் குடிக்கிற சாட்டில் எதிரிப் பாசறைக்கு வேவு பார்க்கப் போனான். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருந்தது. அனஸ்தாசியா சட்டியைக் கழுவிக்கொண்டே பேச்சைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்க நானா. தோக்கிறதுக்கு ஆயத்தமா?”

“பாப்பம் தங்கச்சி. அப்பிடி அந்தப் படத்தில என்னதான் கண்டீங்க?”

“முடிவு.”

“முடிவா!” றஸீனுக்குப் புரைக்கேறியது. “அந்த முடிவுக்குத்தானே சனம் என்ட கடைக்குக் கல்லெறியப் பாத்த!”

“விசரங்கள். அதவிட நல்ல முடிவு எந்தப் படத்தில வருது?” அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். “முதல்ல ஒவ்வொருத்தரா இறங்கிப் போறாங்க. அந்தச் சமையல்காரன் சாகிறான். அந்த மனுசி தனிய நிண்டு கதவச் சாத்துறா. அதோட எனக்குப் பார்க்க ஏலாமப் போச்சு, நானா. சீடியும் முடிஞ்சிட்டு. அவர்ட முப்பத்தொராம் நாள் பூசை முடிஞ்ச கையோட, வீட்டில தனிய இருந்து பாத்தது. மற்றச் சீடியப் போடவா விடவா எண்டு யோசிச்சன். அவர் ஆசையா வாங்கினது, போட்டன். போட்டா, அந்தக் கதவு திறக்குது. போன ஆக்கள் எல்லாரும் ஒருத்தர் ஒருத்தரா வாறாங்க. கடைசியில எல்லாரும் மேசையில இருந்து சாப்பிடுறாங்க, சிரிக்கிறாங்க, அப்பிடியே முடியுது.”

றஸீன் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டான்.

“செத்த சமையல்காரனும் வாறானா?”

“ஓம். அவனுக்குத்தானே பிறந்தநாள்.”

“அதெப்பிடித் தங்கச்சி? செத்தவன்...”

“விஞ்ஞானப் படந்தானே நானா,” என்றாள் அனஸ்தாசியா. “வரலாந்தானே.”

றஸீன் எழுந்து தன் கடைக்கு நடந்தான். வீதியைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் ஏசிவிட்டுப் போனது அவனுக்குக் கேட்கவில்லை. மேசையில் கிடந்த உறை ஒன்றை எடுத்து விரித்தான். வலப்பக்கத்தைப் பார்த்தான், இடப்பக்கத்தைப் பார்த்தான். அவள் புத்தகம் திறக்கிறமாதிரி இடப்பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள். டெக்கைத் தொட்டே பழக்கமில்லாதவள். மனுவேல் இருந்திருந்தால் சரியாகப் போட்டிருப்பான்.

இவ்வளவு காலமும் அவள் சண்டை பிடித்துக் காப்பாற்றி வந்த படத்தை அவளைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை.

8

இங்கே றஸீனின் சங்கடத்தை உங்களுக்கு வெளிச்சமாகவே சொல்லிவிடுகிறேன். பட்டிமன்றத்தில் அவள் அந்த முடிவைச் சொல்லப்போகிறாள். மண்டபம் சிரிக்கும். ‘படத்தைத் தலைகீழாகப் பார்த்தவள்’ என்ற பெயர் அவளுக்கு வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். ‘மிருகம்’ என்று பெயர் வாங்கியவனுக்கு அது எப்படி இருக்குமென்று நன்றாகவே தெரியும். சரி, முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடலாம் என்றால், மேசையில் கூடிச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் மறுபடி எழுந்து போய்விடுவார்கள். சமையல்காரர் மறுபடி சாவார். அந்தக் கதவு இனித் திறக்காது.

வீட்டில் ஹவ்வா புது உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஸும்ரா பக்கத்திலிருந்து எண்ணி அடுக்கினாள். றஸீன் எல்லாவற்றையும் சொன்னான்.

“நீ வலப்பக்கம் போட்டதால வந்த வினை,” என்று முடித்தான்.

“வலப்பக்கத்தால வினை வராது,” என்றாள் ஹவ்வா. “நீங்க சொல்ல மறந்திருப்பீங்க.”

“நான் ஒருநாளும் மறக்கமாட்டன்.”

“அப்ப அவக்குச் சொன்னீங்களா?”

றஸீன் யோசித்தான். நினைவு வரவில்லை.

“இப்ப நான் என்ன செய்ய? சொல்லவா, விடவா?”

ஹவ்வா ஓர் உறையை ஊதி விரித்தாள். “வித்த சாமான் வாங்கினவங்கட. அத அவங்க எப்பிடிப் பாத்தா நமக்கென்ன? ஆனா கேட்டா பொய் சொல்லாதீங்க.”

(ஹவ்வாவின் மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு கச்சிதமாக யாராவது பேசுவார்களா? இந்த இடத்தை அழித்துவிட்டு, அவளை வெறுமனே ‘எனக்கென்ன தெரியும்’ என்று சொல்லவைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. இவள் தெரியாது என்று சொல்கிற ஆளே இல்லை. விட்டுவிட்டேன்.)

மறுநாள் றஸீன் மூன்று தடவை வீதியைக் கடந்து அனஸ்தாசியாவின் கடைக்குப் போனான். மூன்று தடவையும் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினான்.

9

விழா நாள் பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. கதிரை கிடைக்காதவர்கள் யன்னலில் தொற்றிக்கொண்டு நின்றார்கள். சீனத்துப் பொறியியலாளரும் முன்வரிசையில் இருந்தார்.

அனஸ்தாசியா மைக்கைப் பிடித்தாள். “பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே” என்று நாலு வசனம் செந்தமிழில் போனாள். பிறகு அது சரிவராதென்று தன் பேச்சுக்கு வந்துவிட்டாள்.

“முதற் படத்தில மிருகத்தத் துரத்துறாங்க. நல்லம். எல்லாரும் கை தட்டுறம். அடுத்தநாள் காலமை அந்தக் கப்பல்ல ஆர் தேத்தண்ணி போட்டது? ஆர் கூட்டினது? மிருகம் போன பிறகு சனம் எப்பிடி இருக்கிறதெண்டு எந்தப் படமாச்சும் காட்டியிருக்கா? இது காட்டுது. அத இருந்து பாக்கப் பொறுமை இல்லாம, ‘எங்க மிருகம், எங்க மிருகம்’ எண்டு கேக்கிறீங்க. உங்களுக்கு இன்னும் மிருகம் காணாதா?”

மண்டபம் கை தட்டியது. என்னுடைய கட்டுரையின் ‘மாறாக’ வுக்குப் பிறகு வந்திருக்க வேண்டியது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. படத்தைத் திட்டியே பழகிய சில தலைகளும் ஆடத் தொடங்கின. றஸீனுடைய அணியில் இரண்டாவதாகப் பேசவிருந்த ரஸாக் தன் குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாள் என்றுதான் றஸீன் மனதுக்குள் துஆக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் பிடித்ததைப் பாதியில் விடுகிறவளா அவள்?

“எல்லாத்துக்கும் மேல அந்த முடிவு!” என்றாள். “போன ஆக்கள் எல்லாரும் திரும்பி வந்து, ஒரே மேசையில இருந்து...”

“அது இடைவேளைக்கு முந்தி வாற காட்சி அக்கா!” என்று யன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“முடிவில அந்தப் பொம்பிள கதவ மூடிட்டுப் போறாதான்!” என்றது இன்னொரு குரல். அங்கங்கே சிரிப்புக் கிளம்பியது.

அனஸ்தாசியா சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. பிழை தன்னிடம் இருக்குமென்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எதிரணிப் பக்கம் திரும்பினாள்.

“றஸீன் நானா, நீங்கதானே சீடி தந்தது. இவங்களுக்குச் சொல்லுங்க, எது கடைசிக் காட்சி?”

முத்தலிபு சேர் மணியை ஒருதரம் தட்டினார். “எதிரணித் தலைவர் பதில் சொல்லட்டும்.”

றஸீன் எழுந்து மைக்கிடம் போனான். பெண்கள் பக்கத்தில் ஹவ்வா இருப்பது அவனுக்குத் தெரியும், அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அனஸ்தாசியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்து—

10

இங்கே நிறுத்திவிட்டேன். நிறுத்தி நாளாகிவிட்டது. றஸீன் பாவம், வாயைத் திறந்தபடியே மைக்கின் முன்னால் நிற்கிறான். மேசையில் கிடக்கும் முடிவுகளை உங்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.

முடிவு அ. றஸீன் உள்ளதைச் சொல்கிறான். மண்டபம் வெடித்துச் சிரிக்கிறது. பரிசுக் கேடயம் அவனுக்கு. மறுநாள் அனஸ்தாசியாவின் கடை பூட்டியிருக்கிறது. அவன் வீதியின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பூட்டைப்— இல்லை. இந்த வசனத்தை முடிக்க எனக்கு மனமில்லை. கதவுகள் சாத்தியது போதும்.

முடிவு ஆ. “அனஸ்தாசியா சொல்றதுதான் சரி” என்று றஸீன் பொய் சொல்கிறான். மனதுக்கு இதமான முடிவுதான். ஆனால் வீட்டுக்குப் போனால் ஹவ்வா கதவு திறக்கமாட்டாள். நான் திறக்கச் சொன்னாலும் திறக்கமாட்டாள், அவளைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

முடிவு இ. விவாதம் முற்றி மண்டபமே இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்க உறையில் தொடங்கியவர்கள் ஒரு பக்கம், இடப்பக்க உறையில் தொடங்கி யாருக்கும் சொல்லாமல் இருந்தவர்கள் மறுபக்கம். “அட, அதாலதானா எனக்கு ஒண்டும் விளங்கயில்ல!” என்று ஒருவர் எழும்புகிறார். முத்தலிபு சேரும் இடப்பக்கக்காரர்தான் என்று தெரியவருகிறது. எழுதும்போது நானே சிரித்தேன். ஆனால் இந்தச் சிரிப்பில் அனஸ்தாசியா எங்கே நிற்கிறாள் என்று பார்த்தேன். கூட்டத்தில் அவளைக் காணவில்லை.

முடிவு ஈ. நீங்கள் எதிர்பார்ப்பது இதுவாகத்தான் இருக்கும். றஸீன் நிமிர்ந்து, “என்ட கடைச் சீடியில நீங்க எதக் கடைசியாப் போடுறீங்களோ அதுதான் கடைசிக் காட்சி” என்கிறான். கரவொலி. பொய்யும் இல்லை, புண்ணும் இல்லை. இதை எழுதி ஒரு வாரம் வைத்திருந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வாசித்தும் காட்டினேன். பிறகுதான் உறைத்தது. மைக்கைக் கண்டால் சொந்தப் பெயரே மறந்துபோகிறவன் றஸீன். அந்த வசனம் அவனுடையதில்லை, என்னுடையது. அவனுடைய வாய்க்குள் அதைத் திணிக்க எனக்கு என்ன உரிமை?

ஆகவே, அன்பான வாசகரே, மண்டபத்தில் என்ன நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. யார் கேட்டாலும் நான் அனஸ்தாசியாவின் அணி. கதையையும் அவள் படம் பார்த்த மாதிரியே முடிக்கப்போகிறேன். இடப்பக்க உறையில் இருந்தது இவ்வளவுதான். மற்றச் சீடியைப் போடுகிறேன்.

1

நல்ல வெயில். ‘ஸும்ரா வீடியோ’ வுக்கு முன்னால் ஐஸ் லொறி ஒன்று வந்து நின்றது. பின்னாலிருந்து தண்ணீர் சொட்டி வீதியில் ஒரு கோடு போட்டிருந்தது. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி அரைவாசிதான் எழும்பியிருந்தது.

“நானா! வந்திட்டுதா?” என்று கேட்டுக்கொண்டே மனுவேல் குதித்து இறங்கினான்.

“வந்திட்டு, வந்திட்டு. ரெண்டாம் பாகம். இதில ரெண்டு மிருகம்.” றஸீன் அட்டையைத் தூக்கிக் காட்டினான். அந்தப் படத்தின் மேல் அவனுக்கு அப்போது ஒரு கோபமும் இல்லை.

“அடி சக்கை!” மனுவேல் லொறிப் பக்கம் திரும்பினான். “இறங்கி வாவன் அனஸ்தா, ஐஸ் ஒண்டும் ஓடிப்போகாது.”

“ஓடிக்கொண்டுதான் இருக்கு,” என்று அனஸ்தாசியா சொட்டுகிற தண்ணீரைக் காட்டியபடி இறங்கி வந்தாள்.

உள்ளே உறை போட்டுக்கொண்டிருந்த ஹவ்வா எட்டிப் பார்த்தாள். “வெயிலுக்குள்ள நிக்காம வாங்க தங்கச்சி, தேத்தண்ணி இருக்கு.” பெருநாள் முடிந்த கிழமை. ஒரு தட்டு நிறையத் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் வெட்டி வைத்திருந்தாள். சீடிகளை ஒதுக்கிவிட்டு மேசையில் தட்டை வைத்தாள். ஸும்ரா ஏணைக்குள் நித்திரை. சைக்கிளில் போன முத்தலிபு சேரை மனுவேல் கையைத் தட்டிக் கூப்பிட்டான். “பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்று சொல்லிக்கொண்டே அவரும் வந்து ஒரு துண்டை எடுத்தார்.

மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள், இருந்தார்கள். மனுவேல் முதற் பாகத்தை நடித்துக் காட்டினான். விலங்கும் அவனே, கப்பலும் அவனே. வாய்க்குள் தொதலோடு உறுமியதில் முத்தலிபு சேருக்குச் சிரித்துச் சிரித்து மூக்கால் தேநீர் வந்துவிட்டது. “உங்கட மனுசனுக்கு விசரா?” என்று ஹவ்வா கேட்டாள். “கலியாணம் பேசும்போது சொல்லேல்ல அக்கா,” என்றாள் அனஸ்தாசியா. லொறிக்காக மீன்வாடியில் யாரோ காத்துக்கொண்டிருப்பார்கள். காத்துக்கொண்டிருக்கட்டும் என்று மனுவேல் இன்னொரு துண்டை எடுத்தான்.

ஒருபடியாகப் புறப்பட்டார்கள். உறையை அனஸ்தாசியா கையில் வாங்கிக்கொண்டு லொறியில் ஏறினாள். மனுவேல் இயந்திரத்தை முடுக்கினான். அப்போதுதான் றஸீனுக்கு ஞாபகம் வந்தது. எல்லோருக்கும் சொல்வதை இவளுக்குச் சொல்லவில்லை. வாசலுக்கு ஓடிவந்து கையை உயர்த்தினான்.

“தங்கச்சி, அந்த உறையில முதல்ல...”

மனுவேல் யன்னலால் தலையை நீட்டினான். படக் கதையைத்தான் றஸீன் உளறப்போகிறான் என்று அவனுக்கு நினைப்பு. வாய் நிறையச் சிரிப்பு.

“ஒண்டும் சொல்லாதீங்க நானா! முடிவ நாங்களே பாத்துக்கொள்றம்!”